புதிதாக எம்பி3 பிளேயர் வாங்குவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டு மட்டும் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளில் கேசட் வாங்கிக் கேட்ட காலத்துப் பெற்றோருக்கு ஏதாவது வாங்கித் தர நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பினரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருவிக்குப் போடும் காசைவிட, பாட்டுகளை ஒழுங்குபடுத்தப் போடும் நேரம்தான் அதிகப் பலன் தரும். அதனால் அந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் நீளம்.

கைப்பேசியிலேயே கேட்கலாமே, தனியாக ஒரு பிளேயர் எதற்கு?

கேட்கலாம். மாதச் சந்தா கட்டி ஆப்பில் கேட்பது உங்களுக்குப் போதுமென்றால் காசைச் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஆப்பில் கிடைக்காத ஒலிகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாதஸ்வரம், பழைய தேவார கேசட், தாத்தா பாடிய தாலாட்டு, என்றோ வாங்கிய கச்சேரி சிடி. ஆப்பில் இருக்கும் பாட்டும் உரிமை கைமாறினால் ஒருநாள் காணாமல் போகும். உங்கள் பிளேயரில் இருப்பதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அப்புறம், நடுவே வாட்ஸ்அப் மணி அடிக்காது. நல்ல ஆலாபனை ஒன்றை உட்கார்ந்து கேட்பவருக்கு இது பெரிய நிம்மதி.

ஐபாட்தானே இதையெல்லாம் தொடங்கி வைத்தது?

இல்லை, அதற்கு முன்பே பிளேயர்கள் இருந்தன. அதில் நம் ஊருக்கும் பெரிய பங்கு உண்டு. சிம் வோங் ஹூ 1981இல் இங்கே கூட்டாகத் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 2000இல் 6 ஜிபி ஹார்ட் டிஸ்க் வைத்த நோமாட் ஜூக்பாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆப்பிளின் முதல் ஐபாட் வந்தது 2001 அக்டோபரில், 5 ஜிபியுடன். பாட்டுப் பட்டியலைத் திரையில் அடுக்கிக் காட்டும் முறைக்கான காப்புரிமை கிரியேட்டிவிடம் இருந்ததால், 2006இல் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஐபாட் விற்பனை 2022இல் நின்றுவிட்டது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். நம்மவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

எந்த வகையை வாங்குவது?

கடைகளில் மூன்று வகை பார்ப்பீர்கள். முதலாவது, பொத்தான் வைத்த சின்ன பிளேயர். நூறு சிங்கப்பூர் வெள்ளிக்கும் குறைவு. பாடும், நிறுத்தலாம், அடுத்த பாட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். இரண்டாவது, ஃபியோ, ஹைபை, ஷான்லிங் போன்ற நிறுவனங்களின் சிறிய தொடுதிரை பிளேயர்கள். தரம் குறையாத கோப்புகளைப் பாடும், புளூடூத் இருக்கும், நூறு வெள்ளியை ஒட்டியே தொடங்குகின்றன. மூன்றாவது, சோனி வாக்மேன் போல ஆண்ட்ராய்டில் ஓடுபவை. பல நூறு வெள்ளி ஆகும்.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இரண்டாவது வகையைத்தான். ஆண்ட்ராய்டு பிளேயரில் ஆப்பெல்லாம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சில ஆண்டுகளில் மென்பொருள் பழசாகிவிடும். கைப்பேசியிலிருந்து விலகத்தான் இதை வாங்குகிறீர்கள் என்றால், இன்னொரு கைப்பேசி போன்ற ஒன்று எதற்கு?

அம்மாவுக்கு 78 வயது. தொடுதிரை பழக்கமில்லை. அவருக்கு எது சரி?

பொத்தான் வைத்ததே வாங்குங்கள். கடையில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். நிறுத்தும் பொத்தான் எது, ஒலியைக் கூட்டும் பொத்தான் எது என்று தொட்டே தெரிய வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்தே மறுபடி தொடரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சொற்பொழிவோ பாராயணமோ கேட்பவருக்கு இது அவசியம். இல்லையென்றால் ஒரு மணி நேரச் சொற்பொழிவைத் தினமும் முதலிலிருந்தே கேட்க வேண்டியிருக்கும்.

கார்டில் ஆயிரம் பாட்டு ஏற்றிக் கொடுக்காதீர்கள். ‘காலை’, ‘கோயில்’, ‘பழைய பாட்டு’ என்று மூன்று நான்கு ஃபோல்டர் போதும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் கோப்பாக உங்கள் குரலிலேயே, “அம்மா, இது பழைய சினிமாப் பாட்டு” என்று பதிவு செய்து வையுங்கள். திரையில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்கச் சிரமப்படுபவருக்கு அந்தக் குரலே வழிகாட்டும். காதில் செருகும் சாதனம் பிடிக்காதவருக்குச் சின்ன ஒலிபெருக்கி உள்ள மாடல் நல்லது.

எங்கே வாங்குவது? ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

ரோச்சோர் நிலையத்தை ஒட்டிய சிம் லிம் ஸ்குவேரில் எல்லா வகையும் கிடைக்கும். தரமான ஒலிக் கருவிகளுக்கு சிட்டி ஹால் அருகே அடெல்ஃபி கட்டடத்தில் கடைகள் உண்டு. எளிய மாடல் என்றால் முஸ்தஃபா கடையிலும் பார்க்கலாம்.

எங்கே போனாலும் உங்கள் பாட்டுகள் ஏற்றிய மெமரி கார்டையும் உங்கள் இயர்ஃபோனையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு எல்லாக் கருவியிலும் நன்றாகத்தான் ஒலிக்கும். உத்தரவாதம் உள்ளூர் முகவருடையதா, கடையுடையது மட்டும்தானா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். முழு விலையும் எழுத்தில் தெரியாமல் கார்டை நீட்ட வேண்டாம்.

2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால், வாங்கியபோதே அது இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. கடை ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது.

எத்தனை ஜிபி கார்டு வேண்டும்?

ஐந்து நிமிடப் பாட்டு, நல்ல தர எம்பி3யாக, அதாவது 320 கேபிபிஎஸ் அளவில் இருந்தால் 12 எம்பி. 32 ஜிபி கார்டில் கிட்டத்தட்ட 2,500 பாட்டு அடங்கும். அதே பாட்டு, தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தில் 30 எம்பி அளவுக்கு வரும், அப்போது ஆயிரம் பாட்டு. நிறையப் பேருக்கு 32 ஜிபியே தாராளம்.

இன்னொரு காரணமும் உண்டு. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள், கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 என்ற முறையில் வருகின்றன. மலிவான பிளேயர்களும் அதைப் படிக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், சில பிளேயர்களுக்கு அது புரியாது. மிக மலிவாக இணையத்தில் கிடைக்கும் ‘1 டிபி’ கார்டுகளை நம்பாதீர்கள். கணினியில் 1 டிபி என்று காட்டும், கொஞ்சம் ஏற்றியதும் பாட்டுகள் பாதியில் அறுந்து போகும். கார்டு வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை முழுக்கச் சோதித்துவிடுங்கள்.

பெட்டியைத் திறந்தாயிற்று. முதலில் என்ன செய்வது?

முழுக்க சார்ஜ் செய்யுங்கள். யூஎஸ்பி-சி துளை இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பதற வேண்டாம். மலிவான சில பிளேயர்கள், இரு முனையும் சி வகையாக உள்ள கேபிளில் மின்சாரம் வாங்காது. ஒரு முனை பழைய அகல வகையாக உள்ள கேபிளைப் போட்டால் சரியாகிவிடும். சுவரில் செருகும் அடாப்டரில் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கணினியில் இணைத்து, பாட்டு ஃபோல்டர்களை இழுத்துப் போட வேண்டியதுதான். மேக் கணினியில் பிளேயர் தெரியவில்லை என்றால், பிளேயரின் அமைப்பில் யூஎஸ்பி முறை எம்டிபி என்று இருக்கும். அதை எம்எஸ்சி என்று மாற்றுங்கள். அந்தத் தேர்வே இல்லையென்றால் கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு ஏற்றலாம். ஏற்றி முடித்ததும் ‘வெளியேற்று’ கொடுத்த பிறகே கேபிளைப் பிடுங்குங்கள்.

எம்பி3 போதுமா, ஃபிளாக் வேண்டுமா?

சிடியிலிருந்தும் கேசட்டிலிருந்தும் நீங்களே எடுப்பவற்றை ஃபிளாக்காக வையுங்கள். அதுவே மூலப்பிரதி. பின்னால் எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து செய்துகொள்ளலாம். ஏற்கெனவே எம்பி3யாக இருப்பதை ஃபிளாக்காக மாற்றினால் இடம்தான் வீணாகும், போன தரம் திரும்பாது.

கச்சேரி கேட்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆலாபனை ஒரு டிராக்காகவும் கீர்த்தனை அடுத்த டிராக்காகவும் இருக்கும். எம்பி3யில் இரண்டுக்கும் நடுவே தம்புரா ஒரு கணம் அறுந்து திரும்ப வரும். எம்பி3 செய்யும்போது கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடுவதுதான் காரணம். ஃபிளாக்கில் அந்த மௌனம் சேராது. பிளேயரில் ‘கேப்லெஸ்’ வசதியும் இருந்தால் ஒலி அறுபடாமல் ஓடும்.

ஒரே படத்தின் பாட்டுகள் ஐந்தாறு ஆல்பமாகச் சிதறித் தெரிகின்றன. ஏன்?

தமிழ்ப் பாட்டு கேட்பவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பிளேயர்களை வடிவமைத்தவர்கள் ஓர் ஆல்பத்தை ஒரே பாடகரோ குழுவோ பாடியிருக்கும் என்று வைத்துச் செய்திருக்கிறார்கள். நம் சினிமாப் பாட்டு அப்படியில்லை. ஒரு படத்தில் எஸ்.பி.பி. ஒன்று, ஜானகி ஒன்று, யேசுதாஸும் சித்ராவும் சேர்ந்து ஒன்று என்று இருக்கும். பிளேயர் ‘கலைஞர்’ என்ற கட்டத்தைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆல்பமாகப் பிரித்துவிடுகிறது.

ஒவ்வொரு கோப்புக்குள்ளும் டேக் என்ற விவரக் குறிப்பு இருக்கிறது. அதில் ‘கலைஞர்’ வேறு, ‘ஆல்பம் கலைஞர்’ வேறு. இந்த இரண்டாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். மருந்து அங்கேதான். எம்பி3டேக் என்ற மென்பொருளில் படத்தின் எல்லாப் பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ‘ஆல்பம் கலைஞர்’ கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். ‘கலைஞர்’ கட்டத்தில் பாடியவர்கள் பெயர் அப்படியே இருக்கட்டும். சேமித்து, பிளேயரில் பாட்டுப் பட்டியலைப் புதுப்பித்தால் படம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நாம் பாட்டைத் தேடுவதும் அப்படித்தானே? “விஸ்வநாதன் ராமமூர்த்தி போடு” என்றுதான் வீட்டில் கேட்பார்கள்.

அதோடு இரண்டு வேலை. ஆங்கில எழுத்தில் இளையராஜா பெயரை நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். பிளேயருக்கு அவர்கள் நான்கைந்து ஆட்கள். ஒரே விதமாக மாற்றிவிடுங்கள். ஒரே பெயரில் பழைய படமும் புதிய படமும் இருந்தால், படப் பெயருக்குப் பக்கத்திலேயே ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். கோப்புப் பெயரில் ஒட்டியிருக்கும் இணையதள முகவரிகளையும் இந்தச் சாக்கில் நீக்கிவிடலாம்.

ஒரே நாளில் முடிக்க நினைத்தால் அலுத்துவிடும். மிகவும் பிடித்த பத்துப் படங்களை மட்டும் முதலில் சரி செய்யுங்கள்.

பாட்டுப் பெயர் தமிழில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. என் கார்டு கெட்டுவிட்டதா?

கார்டில் கோளாறு இல்லை. பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. சில பிளேயர்களில் எழுத்துரு இருக்கும், ஆனால் கோக்கத் தெரியாது. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வராமல், தனியே ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கும். ஆண்ட்ராய்டு பிளேயர்களில் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் சொன்னேன், தமிழ்ப் பெயருள்ள பாட்டுகளைக் கடைக்கே கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள் என்று.

தமிழ் தெரியாத பிளேயர்தான் கையில் இருக்கிறது என்றால், அதில் ஏற்றும் பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். மூலப்பிரதியில் தமிழே இருக்கட்டும். எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்று தமிழ் சிதறிக் கிடந்த காலத்தில், அதை ஒன்றாக்க 1997இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் மாநாட்டை நடத்தியது இதே சிங்கப்பூரில்தான். அப்படியிருக்க, இன்றும் புதுக் கருவிகள் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். நானும் எழுதுகிறேன்.

வீட்டில் பழைய கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றை எப்படி ஏற்றுவது?

முதலில் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக, சுற்றியிருக்கும் நாடாவின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கலாம். படிந்திருந்தால் அதை ஓட்டாதீர்கள். பூஞ்சை, டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டவற்றைத் தனியே எடுத்துவைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல கேசட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒருமுறை ஓட்டித் திருப்புங்கள். பல ஆண்டு ஒட்டிக்கிடந்த நாடா இளகிக் கொடுக்கும். டேப்பின் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வராதவரை துடைக்க வேண்டும். இந்த ஒரு வேலையிலேயே மங்கிய பாட்டு தெளிவாவதைக் கேட்பீர்கள்.

டேப்பின் இயர்ஃபோன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள். மடிக்கணினியின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம் மட்டுமே எடுக்கும். அதனால் ‘லைன் இன்’ உள்ள ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பாட்டின் மிக உரத்த இடத்தை ஓட்டிப் பார்த்து, அளவுமானி மைனஸ் 6ஐத் தாண்டாதபடி ஒலியைக் குறைத்துவையுங்கள். அப்புறம் பதிவு. 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகத்தான் செய்யும், குறுக்கு வழி இல்லை. சிடி தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு 10 எம்பி, முழுக் கேசட்டுக்கு 600 எம்பி.

இரைச்சலை நீக்கும் கருவியை அளவோடு பயன்படுத்துங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். கேசட் அட்டையையும் கைப்பேசியில் படம் எடுத்து, ஆல்பம் படமாக ஒட்டிவிடுங்கள். அப்பா பேனாவால் எழுதிய பட்டியல் அதில் இருந்தால், அதுவும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும்.

ஆப்பில் ‘டவுன்லோட்’ செய்த பாட்டை பிளேயருக்கு மாற்ற முடியுமா?

முடியாது. அவை பூட்டிய கோப்புகள், அந்த ஆப்பில் மட்டுமே திறக்கும். விலைக்கு வாங்கிய எம்பி3, ஃபிளாக் கோப்புகளையும், உங்கள் சிடிக்களிலிருந்து எடுத்தவற்றையும் ஏற்றுங்கள். திருட்டுத் தளங்கள் பக்கம் போக வேண்டாம். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் போக வேண்டிய காசு அது.

எவ்வளவு சத்தம் வைத்துக் கேட்கலாம்?

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம் மட்டுமே. பத்து டெசிபலுக்கு இவ்வளவு வித்தியாசம். சிக்கல் வருவது ரயிலில்தான். சுரங்கப் பாதையில் இரைச்சல் கூடும்போது நாமும் சத்தத்தைக் கூட்டுகிறோம், இறங்கிய பின் குறைக்க மறந்துவிடுகிறோம். காதில் சரியாகப் பொருந்தும் சிலிக்கான் முனையை மாற்றிப் பாருங்கள். வெளி இரைச்சல் பாதி அடங்கும், சத்தத்தைக் கூட்டவே தோன்றாது. கேட்ட பிறகு காதில் ‘கொய்’ என்று ஒலித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

பொது இடத்தில் இயர்ஃபோன் இல்லாமல் போடாதீர்கள். சாலையைக் கடக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

மகன் தேசிய சேவைக்குப் போகிறான். கொண்டுபோகலாமா?

முகாமின் விதியை அவனே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் சரி. இடத்துக்கு இடம் மாறும். வாங்கும்போதே கேமரா, ஒலிப்பதிவு, வைஃபை எதுவும் இல்லாத எளிய மாடலாகப் பார்த்துக்கொண்டால் சிக்கல் குறைவு.

பேட்டரி நீண்ட நாள் வர என்ன செய்வது?

வெயிலில் நிறுத்திய காரில் வைக்காதீர்கள். சில மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால், பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுக்க இறங்கிய நிலையில் அலமாரியில் கிடந்தால் லித்தியம் பேட்டரி மறுபடி எழாமலே போகலாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடியுள்ள டப்பாவில் வைத்தால் ஈரமும் அண்டாது. பின்பக்கம் உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். சார்ஜும் போடக் கூடாது, குப்பைத் தொட்டியிலும் வீசக் கூடாது. விமானத்தில் ஊருக்குப் போகும்போது, நல்ல நிலையில் உள்ள பிளேயரைக் கைப்பையில் எடுத்துச் செல்வதே நல்லது.

இதில் ஒலி 96.8 வானொலி கேட்க முடியுமா?

எஃப்எம் வசதி உள்ள மாடலில் கேட்கலாம். ஆனால் கம்பியுள்ள இயர்ஃபோன் வேண்டும், அந்தக் கம்பிதான் ஏரியல். புளூடூத் இயர்ஃபோனை மட்டும் வைத்திருந்தால் நிலையம் பிடிக்காது. வீட்டுக்குள் கரகரத்தால் ஜன்னல் பக்கம் வந்து கம்பியை நீட்டி விடுங்கள், தெளிவாகிவிடும்.